வாயை மூடிக்கொண்டு பாடு

லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் என்று ஒரு பழைய தியேட்டர். 1903-ல் கட்டியது. நெருக்கியடித்தால் 2,000 பேர் கொள்ளும். 2003-ம் வருஷம் மார்ச் 10-ம் தேதி ராத்திரி அங்கே ஒரு கச்சேரி. மேடையில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மூன்று பெண்கள். ஒருவர் கையில் ஃபிடில். இன்னொருவர் கையில் பாஞ்சோ. நடுவே மைக் முன்னால் நின்றவர் பெயர் நாடலி மெய்ன்ஸ். குள்ளமான உருவம். வயசு 28. ஆனால், வாயைத் திறந்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். அப்படி ஒரு குரல்.

இராக்கின்மீது அமெரிக்கா இன்றைக்குப் பாயுமா, நாளைக்குப் பாயுமா என்று உலகம் பூராவும் காத்துக்கொண்டிருந்த நேரம் அது. லண்டனில் அதற்கு முந்தைய மாசம்தான் லட்சக்கணக்கான பேர் தெருவில் இறங்கி, போர் வேண்டாம் என்று ஊர்வலம் போயிருந்தார்கள். அடுத்த பாட்டு, போருக்குப் போன ஒரு சிப்பாயைப் பற்றியது. அதை ஆரம்பிக்கும் முன்னால் நாடலி பேசினார். நாங்களும் உங்கள் பக்கம்தான், இந்தப் போரும் வன்முறையும் எங்களுக்கு வேண்டாம், அமெரிக்க ஜனாதிபதி எங்கள் டெக்சாஸ்காரர் என்பதில் எங்களுக்கு வெட்கம்.

இவ்வளவுதான் பேச்சு. கூட்டம் ஆரவாரம் செய்தது. பாட்டு ஆரம்பித்தது. கச்சேரி முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து 'கார்டியன்' பத்திரிகை அந்தக் கச்சேரிக்கு விமரிசனம் போட்டது. அதில் இந்த வாக்கியமும் இருந்தது. முழுசாகக்கூட இல்லை. 'போர் வேண்டாம்' பகுதியை விட்டுவிட்டு, 'வெட்கம்' பகுதி மட்டும். அது போதாதா? இணையம் தூக்கிக்கொண்டது. அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போய்ச் சேருவதற்குள் அது ஒரு தேசத் துரோகமாக வளர்ந்திருந்தது.

இதே காரியத்தை ஒரு ராக் பாடகர் செய்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ராக்காரர்கள் சர்க்காரைத் திட்டாவிட்டால்தான் ஆச்சரியம். கன்ட்ரி மியூசிக் அப்படியில்லை. அமெரிக்கத் தெற்கின் கிராமத்து இசை அது. பண்ணை, குதிரை, சர்ச், லாரி டிரைவர், ஓடிப்போன மனைவி, குடிகாரப் புருஷன், ராணுவத்துக்குப் போன பிள்ளை. நம் ஊர் தெம்மாங்கு மாதிரி என்று சொன்னால் பாதி புரியும். மீதி பாதி, அதற்குள் இருக்கிற தேசபக்தி. கேட்கிறவர்களில் பல வீடுகளில் ஒரு பையனாவது பட்டாளத்தில் இருப்பான். அந்த ஜனங்களின் செல்லப் பெண்கள்தான் இந்த மூவரும்.

பெயர் டிக்ஸி சிக்ஸ். 1989-ல் டெக்சாஸின் டல்லாஸ் நகரத்தில் ஆரம்பித்த குழு. ஆரம்பித்தபோது நாடலி அதில் கிடையாது. மார்ட்டி, எமிலி என்று எர்வின் சகோதரிகள் இருவர், ராபின் லின் மேசி, லாரா லிஞ்ச் என்று இன்னும் இருவர். தொப்பியும் பூட்ஸும் கௌபாய் உடுப்புமாகத் தெருமுனையில் நின்று வாசித்தார்கள். மூன்று ஆல்பங்கள் போட்டார்கள். சுமாராகப் போயின. மேசி 1992-லேயே விலகிவிட்டார்.

அந்த ஆல்பங்களில் ஸ்டீல் கிடார் வாசிக்க வந்தவர் லாயிட் மெய்ன்ஸ். டெக்சாஸில் பெரிய கை. லப்பக் நகரத்துக்காரர். அவருடைய மகள், பாஸ்டனில் இருக்கிற பெர்க்லி இசைக் கல்லூரியில் சேருவதற்காகப் பாடிப் பதிவு செய்த கேசட் ஒன்று அவரிடம் இருந்தது. சகோதரிகளிடம் கொடுத்தார். கேட்டார்கள். 1995-ல் லாரா லிஞ்ச் வெளியே, 21 வயது நாடலி உள்ளே. ஆறு வருஷம் சேர்ந்து தெருத்தெருவாகப் பாடிய தோழியை அனுப்பிவிட்டுப் புதுக் குரலைக் கொண்டுவந்தது நியாயமா என்று கேட்டால், நியாயம் வேறு, வியாபாரம் வேறு என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. சோனியின் ஒப்பந்தம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்ட சமயம். லிஞ்ச் 2023 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார்.

அதற்கப்புறம் நடந்ததை எண்களில் சொல்வதுதான் சுலபம். பி.காம். படித்தவன் புத்தி வேறெங்கே போகும்? 1998-ல் வந்த 'வைட் ஓப்பன் ஸ்பேசஸ்' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியது. 1999-ல் வந்த 'ஃப்ளை' 1 கோடி. அதில் ஒரு பாட்டு, மனைவியை அடித்து நொறுக்கும் ஒரு கணவனை அந்த மனைவியும் அவள் சிநேகிதியும் விஷம் வைத்துக் கொல்வதைப் பற்றி, சிரித்துக்கொண்டே பாடுகிற பாட்டு. சில ரேடியோ நிலையங்கள் அதைப் போட மறுத்தன. அப்போதே லேசாக ஒரு உரசல்.

இத்தனை கோடி விற்றும் எங்கள் கைக்கு வந்தது என்ன என்று 2001-ல் கணக்குக் கேட்டார்கள். சோனி கம்பெனி, ஒப்பந்தத்தை மீறுகிறார்கள் என்று கோர்ட்டுக்குப் போனது. எங்களுக்குச் சேரவேண்டிய ராயல்டியில் 40 லட்சம் டாலருக்கு மேல் பாக்கி என்று இவர்கள் பதிலுக்குப் போனார்கள். 2002-ல் சமரசம். ஓப்பன் வைட் என்று சொந்த லேபிள் கிடைத்தது. அந்தச் சண்டைக் காலத்திலேயே, கம்பெனிக்காரன் யாரும் தலையிடாமல், நாடலியின் அப்பாவை வைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் சமாசாரங்கள் அதிகமில்லாத ஓர் ஆல்பத்தைப் பதிவு செய்திருந்தார்கள். 'ஹோம்'. 2002 ஆகஸ்டில் வெளியானதும் நேராக முதலிடம்.

2003 ஜனவரி 26. சான் டியாகோவில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். அமெரிக்காவில் அதைவிட அதிகம் பேர் பார்க்கும் டி.வி. நிகழ்ச்சி கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் தேசிய கீதம் பாடியவர்கள் இந்த மூன்று பேர்தான். லண்டன் கச்சேரிக்கு ஆறு வாரம் இருந்தது.

மறுபடி மார்ச்சுக்கு வருவோம். 12-ம் தேதி விமரிசனம் வெளியானது. உடனே ஒரு விளக்க அறிக்கை. எடுபடவில்லை. 14-ம் தேதி நாடலி மன்னிப்புக் கேட்டார். 'என் பேச்சு மரியாதைக் குறைவானது. அந்தப் பதவியில் யார் இருந்தாலும் மரியாதை தரவேண்டும்' என்கிற அளவில். போரை ஆதரிக்கிறேன் என்று சொல்லவில்லை. கவனிக்கவும், அவர் திரும்பப் பெற்றது மரியாதைக் குறைவை மட்டும்தான், கருத்தை அல்ல. கோபத்தில் இருந்தவர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது.

அப்புறம் என்னென்ன நடந்தது? லூசியானாவில் பாஸியர் சிட்டி என்ற ஊரில் ஒரு ரேடியோ நிலையம் ஏற்பாடு செய்ய, ஜனங்கள் வீட்டிலிருந்து சி.டி.க்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ராட்சச டிராக்டர் ஒன்று அதன்மேல் ஏறி இறங்கியது. குழந்தைகளும் சேர்ந்து மிதித்தார்கள். கன்சாஸ் சிட்டியில் குப்பைத் தொட்டி வைத்தார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸில் அவர்கள் பாட்டைப் போட்ட இரண்டு ரேடியோ அறிவிப்பாளர்களைச் சஸ்பெண்ட் செய்தார்கள். தெற்கு கரோலினா சட்டமன்றத்தின் கீழவை ஒரு தீர்மானமே போட்டது. மன்னிப்புக் கேட்டு, எங்கள் ராணுவ வீரர்களுக்கு இலவசக் கச்சேரி நடத்தவேண்டும் என்று!

இதில் தாங்கமுடியாத வேடிக்கை ஒன்று உண்டு. லண்டனில் நாடலி பேசிவிட்டுப் பாடினாரே, அந்தச் சிப்பாய் பாட்டு, 'டிராவலின் சோல்ஜர்', சரியாக அந்த வாரம்தான் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்திருந்தது. எழுதியவர் புரூஸ் ராபிசன். வியட்நாம் போருக்குப் புறப்படும் ஒரு பையன். ஓட்டலில் பரிமாறும் ஒரு பெண். கடிதங்கள். ஒருநாள் ஊர் ஃபுட்பால் மைதானத்தில் செத்துப்போனவர்கள் பட்டியலை வாசிக்கிறார்கள், அதில் அவன் பெயர். ராணுவ வீரனுக்காக அந்த வருஷம் அமெரிக்கா கேட்டவற்றிலேயே உருக்கமான பாட்டு. ராணுவத்தை அவமதித்தார்கள் என்று சொல்லி அதைத்தான் நிறுத்தினார்கள். அடுத்த வாரம் மூன்றாமிடம். அதற்கடுத்து பட்டியலிலேயே காணோம்.

முதலிடத்தில் இருக்கும் ஒரு பாட்டு எப்படி ஒரே வாரத்தில் சாகும்? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் புத்தகத்தைப் புரட்டவேண்டும்.

அமெரிக்காவில் ஒரு கம்பெனி நாடு முழுக்க 40 ரேடியோ நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இருந்தது. 1996-ல் தொலைத்தொடர்புச் சட்டத்தை மாற்றி எழுதியபோது அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். ஊருக்கு ஊர் யாராவது செட்டியார் நடத்துகிற மளிகைக் கடை மாதிரி இருந்த நிலையங்களைப் பெரிய கம்பெனிகள் வளைத்து வளைத்து வாங்கின. கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனியின் கையில் சுமார் 1,200 நிலையங்கள். கியூமுலஸ் என்ற இன்னொரு கம்பெனியிடம் 200-க்கு மேல். 2003 மார்ச்சில் கியூமுலஸ் தலைமையகம் ஓர் உத்தரவு போட்டது. அதன் 42 கன்ட்ரி நிலையங்களிலும் 30 நாளைக்கு டிக்ஸி சிக்ஸ் பாட்டு ஒலிக்கக் கூடாது. 42 ஊர். ஒரே ஸ்விட்ச்.

எல்லோரும் கை நீட்டியது என்னவோ கிளியர் சேனலைத்தான். டெக்சாஸ் கம்பெனி. அதன் நிலையங்கள் சில, போருக்கு ஆதரவான பேரணிகளுக்குப் பண உதவி செய்திருந்தன. ஆனால், நாங்கள் தடை எதுவும் போடவில்லை, நிலையங்களே முடிவு செய்தன என்று அது மறுத்தது. பிற்பாடு கேப்ரியல் ராஸ்மன் என்ற சமூகவியலாளர் நிலையம் நிலையமாக ஒலிபரப்புக் கணக்கை எடுத்து ஆராய்ந்தார். கிளியர் சேனல் சொன்னது பெரும்பாலும் நிஜம்தான். போன் மேல் போன் போட்டுத் திட்டிய நேயர்களுக்குப் பயந்துதான் பல நிலையங்கள் பாட்டை நிறுத்தியிருந்தன. வில்லன் மேலே உட்கார்ந்திருக்கிறான் என்று நம்புவது சௌகரியம். இந்தக் கதையில் பாதி வில்லன் ரசிகனேதான்.

ஏப்ரல் 24-ம் தேதி டாம் ப்ரோகா பேட்டி எடுத்தபோது புஷ்ஷிடமே இதைக் கேட்டார். புஷ் நிதானமாகவே பதில் சொன்னார். 'அவர்களுக்கு மனத்தில் பட்டதைச் சொல்ல உரிமை உண்டு. அதற்காக மக்கள் அவர்கள் ரெக்கார்டை வாங்காவிட்டால் மனம் புண்படக் கூடாது. சுதந்தரம் இருவழிப் பாதை.' நியாயமாகப் பார்த்தால் இதில் தப்பு சொல்ல முடியாது. பிடிக்காத பாடகரின் சி.டி.யை நான் வாங்காமல் இருப்பது என் உரிமை. மகனைக் குவைத் பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டுத் தூங்காமல் கிடந்த ஒரு தாய்க்கு, வெளிநாட்டு மேடையில் நின்று நம் ஜனாதிபதியை நினைத்தால் வெட்கம் என்று ஒரு பாடகி சொன்னது எரிச்சலாக இருந்திருந்தால் அதையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நான் வாங்காமல் இருப்பதும், ஓர் அலுவலக அறையில் உட்கார்ந்து 42 ஊர்க்காரர்கள் கேட்கக் கூடாது என்று தீர்மானிப்பதும் ஒன்றா?

புஷ் பேட்டி கொடுத்த அதே நாளில் இந்தப் பெண்கள் வேறொரு சேனலில் டயான் சாயருடன் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் 'என்டர்டெயின்மென்ட் வீக்லி' அட்டைப்படம். மூவரும் ஆடையின்றி, உடம்பு பூராவும் எழுத்துகள். துரோகிகள், சதாமின் தேவதைகள் என்று ஊர் தங்களைத் திட்டிய சொற்களையே எழுதிக்கொண்டு நின்றார்கள். இன்னும் மோசமான சொற்களும் இருந்தன. இங்கே வேண்டாம்.

டோபி கீத் என்ற பாடகரை விட்டுவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது. செப்டம்பர் 11-க்குப் பிறகு, உங்களைப் பின்னி எடுத்துவிடுவோம் என்கிற ரீதியில் ஒரு பாட்டுப் போட்டு ஏகப்பட்ட பெயர் வாங்கியவர். அந்தப் பாட்டு அறிவீனமானது என்று 2002-லேயே நாடலி சொல்லியிருந்தார். இப்போது கீத்துக்குப் பொன்னான சந்தர்ப்பம். சதாம் உசேனும் நாடலியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல் ஒட்டு வேலை செய்த படத்தைத் தன் கச்சேரிகளில் பின்னால் பெரிதாகப் போட்டார். நாடலி என்ன செய்தார்? 2003 மேயில் ஒரு விருது விழாவுக்கு எஃப்.யு.டி.கே. என்று நான்கெழுத்து போட்ட பனியனில் தோன்றினார். கடைசி இரண்டெழுத்து டோபி கீத். முதல் இரண்டெழுத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சின்னப்பிள்ளைத்தனம்தான். இரண்டு பக்கமும். கீத் 2024 பிப்ரவரியில் புற்றுநோயில் இறந்தார்.

எதிர்பாராத இடத்திலிருந்தும் ஒரு கை நீண்டது. மெர்ல் ஹேகார்ட். வியட்நாம் காலத்தில் ஹிப்பிகளைக் கிண்டலடித்துப் பாடி, தேசபக்தர்களின் கண்கண்ட தெய்வமாக இருந்த கிழவர். கருத்துச் சொன்னதற்காக இந்தப் பெண்களை நாடே குதறியது சூனியக்காரி வேட்டை மாதிரி இருக்கிறது என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். கன்ட்ரி உலகத்தில் மற்ற பெரிய மனிதர்கள் பலர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

மே 1-ம் தேதி அமெரிக்கச் சுற்றுப்பயணம் ஆரம்பம். முதல் ஊர் எது தெரியுமா? கிரீன்வில். இலவசக் கச்சேரி கேட்டுத் தீர்மானம் போட்ட அதே தெற்கு கரோலினா. டிக்கெட்டுகள் பெரும்பாலும் லண்டனுக்கு முன்பே விற்றுத் தீர்ந்திருந்தன. பக்கத்து ஊரில் போட்டிக் கச்சேரி வேறு ஏற்பாடு. அன்று மாலைதான் கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால் ஒரு விமானந்தாங்கிக் கப்பலில் நின்று, பெரும் போர் முடிந்தது என்று புஷ் பேசினார். பின்னால் 'பணி முடிந்தது' என்று பேனர்.

கிரீன்வில் மேடையில் நாடலி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். எங்களைப் பார்த்துக் கூச்சல் போடவேண்டும் என்று வந்திருந்தால் தாராளமாகப் போடலாம், பேச்சுச் சுதந்தரம் எங்களுக்குப் பிடித்த விஷயம், உங்களுக்கு 15 விநாடி தருகிறோம். ஒன்று, இரண்டு, மூன்று.

கிளம்பியது ஆரவாரம்தான். 15 விநாடியும்.

எனக்கென்னவோ லண்டனில் பேசியது பெரிய வீரம் என்று தோன்றவில்லை. போர் வேண்டாம் என்கிற ஊரில் போர் வேண்டாம் என்று சொல்ல எந்தத் தைரியமும் வேண்டியதில்லை. கைதட்டல் நிச்சயம். கிரீன்வில் வேறு விஷயம். அதைவிட டல்லாஸ். ஜூலை 6-ம் தேதி அவர்களுடைய சொந்த ஊர்க் கச்சேரியில் நாடலி சுட்டுக் கொல்லப்படுவார் என்று தேதி போட்டு ஒரு கடிதம் வந்திருந்தது. போலீஸ் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்து செய்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. போனார். விமானத்திலிருந்து அரங்கம் வரை போலீஸ் காவல். வாசலில் மெட்டல் டிடெக்டர். முழுக் கச்சேரியும் பாடிவிட்டு அதே காவலோடு திரும்பிப் போனார்.

அதற்கு இரண்டே நாள் கழித்து வாஷிங்டனில், செனட்டின் வர்த்தகக் கமிட்டி ஊடகங்களின் உடைமை பற்றி விசாரணை நடத்தியது. தலைமை ஜான் மெக்கெய்ன். புஷ்ஷின் கட்சிக்காரர். வியட்நாமில் ஐந்தரை வருஷம் போர்க் கைதியாக இருந்தவர். போரை ஆதரித்தவர். நாடலி பேசியது அவருக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆனாலும், கியூமுலஸ் தலைவர் லூயிஸ் டிக்கியை எதிரே உட்காரவைத்துத் துளைத்தார். உள்ளூர் நிலையங்கள் தாங்களே முடிவெடுத்தால் அது வேறு, தலைமையகத்திலிருந்து உத்தரவு போனது எப்படி என்பதுதான் கேள்வி. நேயர்கள் கொந்தளித்தார்கள், அதனால் செய்தோம் என்றார் டிக்கி. மெக்கெய்ன் சமாதானமாகவில்லை. ஒரு கன்ட்ரி பாட்டுக் குழுவுக்காக ஒரு குடியரசுக் கட்சி செனட்டர் பேச்சுரிமைப் பாடம் நடத்தியது அபூர்வமான காட்சி.

அந்த வருஷச் சுற்றுப்பயணம் 6 கோடி டாலருக்குமேல் வசூல் செய்தது. ஆனால் அது பழைய டிக்கெட். ரேடியோ திரும்ப வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 2006 மேயில் 'டேக்கிங் தி லாங் வே' வந்தது. தயாரித்தவர் ரிக் ரூபின். ராக், ராப் உலகத்துக்காரர். முதல் பாட்டாக வெளியிட்டது 'நாட் ரெடி டு மேக் நைஸ்'. சமாதானமாகப் போக நான் தயாரில்லை என்பதுதான் அதன் சாரம். கன்ட்ரி ரேடியோவில் அது 36-ம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. கூடவே 'டைம்' பத்திரிகையிடம், அன்றைக்குக் கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அவருக்கு எந்த மரியாதையும் தரவேண்டியதில்லை என்றார் நாடலி. இந்த முறை யாரும் டிராக்டர் எடுக்கவில்லை. சதாமின் பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. புஷ்ஷுக்கு ஆதரவு 40 சதவிகிதத்துக்கும் கீழே போயிருந்தது. ஆனால் தெற்கு மறக்கவில்லை. டிக்கெட் விற்காமல் தென் மாநில ஊர்கள் பலவற்றை ரத்து செய்து, கனடாவில் கூடுதல் கச்சேரிகள் போட்டார்கள். ஜூனில் மறுபடி ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் போய், அதே வாக்கியத்தை விளையாட்டாகத் திருப்பிச் சொல்லிவிட்டு வந்தார் நாடலி. இந்தக் கதை முழுவதையும் கூடவே இருந்து பார்பரா காப்பிளும் செசிலியா பெக்கும் படம் எடுத்தார்கள். 'வாயை மூடிக்கொண்டு பாடு' என்பதுதான் படத்தின் பெயர்.

2006-ல் கன்ட்ரி சங்க விருதுகளுக்கு அவர்கள் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. 2007 பிப்ரவரி 11-ம் தேதி கிராமி விழா. ஐந்து பிரிவுகளில் போட்டியிட்டு ஐந்தையும் வாங்கினார்கள். வருஷத்தின் சிறந்த ஆல்பம் உட்பட. ஜனங்கள் இன்றைக்குத் தங்கள் பேச்சுச் சுதந்தரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், சேதி புரிந்தது என்றார் நாடலி. பேசத் தெரிந்தவர்!

வெற்றிக்குப் பிறகு என்ன செய்வார்கள்? அடுத்த ஆல்பம். இவர்கள் செய்யவில்லை. 14 வருஷம்! சகோதரிகள் இருவரும் கோர்ட்யார்ட் ஹவுண்ட்ஸ் என்று தனிக்குழு ஆரம்பித்தார்கள். நாடலி, குழந்தைகளைக் கொன்றதாகச் சிறையில் கிடந்த ஆர்கன்சா இளைஞர்கள் மூவர் நிரபராதிகள் என்று ஊர்வலம் போனார். கொலையுண்ட சிறுவர்களில் ஒருவனின் வளர்ப்புத் தந்தை இவர்மீது அவதூறு வழக்குப் போட்டார். கோர்ட் தள்ளுபடி செய்தது. 2011-ல் அந்த மூவரும் வெளியே வந்தார்கள். 2013-ல் 'மதர்' என்று ஒரு தனி ஆல்பம். சுத்தமான ராக். அதில் கன்ட்ரி வாசனை துளிகூட இல்லை. கோபம் போகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, அடிமை முறைக்காகச் சண்டை போட்ட பழைய தெற்கைக் குறிக்கும் 'டிக்ஸி'யைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெறும் 'தி சிக்ஸ்'. அதே பெயரில் நியூசிலாந்தில் ஏற்கெனவே ஒரு குழு இருந்ததால் அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டார்கள். அடுத்த மாதமே 'கேஸ்லைட்டர்' ஆல்பம். இந்தத் தடவை கோபம் ஜனாதிபதிமீது இல்லை. உடைந்துபோன கல்யாணத்தின்மீது.

கன்ட்ரி உலகம் 2003-க்குப் பிறகு இந்தக் குழுவின் பெயரையே ஒரு வினைச்சொல் ஆக்கிக்கொண்டது. அரசியல் பேசி ரேடியோவை இழந்தால் 'உன்னை டிக்ஸி சிக்ஸ் பண்ணிடுவாங்க' என்று அர்த்தம். நாஷ்வில்லில் வளரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். டெய்லர் ஸ்விஃப்ட் 2020-ல் வந்த தன் ஆவணப்படத்தில் இதைச் சொல்கிறார். டிக்ஸி சிக்ஸ் மாதிரி ஆகிவிடாதே என்று சின்ன வயசிலிருந்தே அவருக்கு ஓதி வைத்திருந்தார்கள். 2018 அக்டோபர் வரை அவர் வாயே திறக்கவில்லை. திறந்தபோது டென்னஸி தேர்தலில் எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று பெயர் சொல்லியே எழுதினார். மறு வருஷம், புற்றுநோயோடு போராடிய தன் அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அதில் கூடச் சேர்ந்து பாட அவர் கூப்பிட்டது இந்த மூன்று பேரைத்தான்.